பஸ் எங்கே போகிறது?

ஆஸ்திரியா என்றதும் தமிழ்ச் சினிமாப் பாட்டில் கதாநாயகி மெல்லிய சேலையோடு நடுங்கிக்கொண்டு ஆடும் பனிமலைதான் நம் ஆட்களுக்கு ஞாபகம் வரும். நிக்கல்ஸ்டோர்ஃபில் மலை கிடையாது. புர்கன்லாந்து மாநிலத்தின் வடகிழக்கு மூலை, லைத்தா ஆறு ஹங்கேரிக்குள் போவதற்குச் சற்று முன்னால். தட்டையான வெளி, ஓயாத காற்று, வானத்தின் விளிம்புவரை காற்றாலைகள். கோதுமை வயலும் சீனி எடுக்கிற பீட்ரூட் தோட்டமும். ஒரு கத்தோலிக்கத் தேவாலயம், ஒரு லூதரன் தேவாலயம், ஒரு ரயில் நிலையம், தொண்டர்கள் நடத்தும் தீயணைப்புப் படை. சுமார் 1,700 சனம். லண்டனிலிருந்து எங்களைப் பார்க்க வந்த மச்சான் காரை விட்டு இறங்கிச் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "இதுக்கு ஏன் இவ்வளவு தூரம் வந்தனி, வன்னியிலேயே இருந்திருக்கலாமே" என்றான்.

வாடகை குறைவு என்பதற்காகத்தான் வந்தோம். வியன்னா 70 கிலோமீட்டர்தான். நான் பஸ் சாரதி. காலை நாலு மணிக்கு வெளிக்கிட்டால் வீதியில் நானும் லொறிகளும் மட்டும்தான்.

ஊருக்கு ஒரு தொழில் உண்டென்றால் அது எல்லை. 1921 வரை இது ஹங்கேரி மண். முதல் உலகப் போரில் தோற்ற இரண்டு நாடுகளுக்கும் வென்றவர்கள் தனித்தனியே ஒப்பந்தம் எழுதினார்கள்: 1919இல் ஆஸ்திரியாவுக்கு, 1920இல் ஹங்கேரிக்கு. ஜெர்மன் பேசுகிற மேற்குத் துண்டு ஆஸ்திரியாவுக்கு என்று ஆனது. கோடு எங்கள் ஊருக்கும் அடுத்த ஊரான ஹெட்யெஷ்ஹலோமுக்கும் நடுவே விழுந்தது. அங்கே இருந்தவர்களிலும் நிறையப் பேர் ஜெர்மன் பேசியவர்கள்தான், இங்கே பெண் கொடுத்து இங்கே பெண் எடுத்தவர்கள்தான். இரண்டாவது போர் முடிந்தபின் 1946இல் அந்தப் பக்கத்து ஜெர்மன்காரர் பலரை, ஹங்கேரியில் உங்களுக்கு இடமில்லை என்று மூட்டை முடிச்சோடு ஜேர்மனிக்கு ஏற்றி அனுப்பினார்கள். இந்தப் பக்கம் இருந்தவர்கள் அதே வயலில் அதே உழவைத் தொடர்ந்தார்கள்.

இதெல்லாம் எனக்குப் பக்கத்து வீட்டு ஓமா சொன்னது. தெருவுக்கே அவர் ஓமா, பாட்டி. ஏட்டில் இருப்பதை அவர் சொல்வதில்லை. யார் வீட்டில் எவர் தங்கினார், எந்தக் கிணற்றில் தண்ணீர் அள்ளினார்கள் என்பதுதான் அவருடைய சரித்திரம். 1956 நவம்பரில் அவருக்குப் பத்து வயது. நவம்பர் 4ஆம் தேதி, ஹங்கேரி மக்களின் கிளர்ச்சியை அடக்க, சோவியத் டாங்கிகள் புடாபெஸ்டுக்குள் புகுந்த செய்தி வானொலியில் வந்தது. வந்த வேகத்திலேயே சனமும் வரத் தொடங்கியது. தெற்கே அண்டாவ் ஊரருகே கால்வாயின் மேல் இருந்த மரப்பாலத்தால் மட்டும் சுமார் 70,000 பேர் வந்ததாகக் கணக்கு. அந்தப் பாலத்தை நவம்பர் 21ஆம் தேதி வெடிவைத்துத் தகர்த்தார்கள். மொத்தமாக ஆஸ்திரியாவுக்குள் வந்தவர்கள் 1,80,000 அளவில். ஓமாவின் பள்ளிக்கூடத்தில் வாங்குகளை வெளியே தூக்கிப்போட்டு வைக்கோல் பரப்பினார்களாம். "எங்களுக்குப் பள்ளிக்கூடம் இல்லை என்று சந்தோசம்" என்றார். வந்தவர்கள் பசி என்றோ குளிர் என்றோ முதலில் சொல்லவில்லை. எல்லாரும் ஒன்றைத்தான் கேட்டார்கள்: இது ஆஸ்திரியாதானா? இருட்டில், பனிப்புகாரில், உழுத வயலில் கோடு யாருக்குத் தெரியும்? சிலர் எல்லையைத் தாண்டிவிட்டு, தெரியாமல் திரும்பவும் அந்தப் பக்கமே நடந்து போனார்கள். அதனால்தான் எல்லை நெடுகிலும் சிவப்பு வெள்ளை சிவப்புக் கொடிகளைக் குத்தி வைத்தார்கள். துரத்தி வருகிற சிப்பாய்க்கும் ஓடி வருகிறவனுக்கும் ஒரே அடையாளம்.

1989 செப்டம்பர் 11 நள்ளிரவில் ஹங்கேரி தன் கதவைத் திறந்துவிட்டதும் கிழக்கு ஜேர்மன்காரர்கள் ட்ரபான்ட், வார்ட்பூர்க் கார்களில் எங்கள் ஊர் வழியாகத்தான் வந்தார்கள். ஓமா அன்றைக்குப் பாலும் கேக்கும் கொண்டுபோனவர். கார்ப் புகையில் இரண்டு நாள் இருமியதாகச் சொன்னார். அவர்கள் கேட்டதும் வழிதான். மேற்கு ஜேர்மனி எல்லையிலிருக்கும் பசாவ் எந்தப் பக்கம்?

பிறகு 2007 டிசம்பர் 21ஆம் தேதி ஷெங்கன் ஒப்பந்தம் ஹங்கேரிக்கும் விரிந்தது. தடுப்புக் கட்டையைக் கழற்றினார்கள். சுங்கச் சாவடியின் பெரிய தகரக் கூரை மட்டும் நெடுஞ்சாலையோரம் நின்றது. அதன் கீழ் நிற்க யாருக்கும் ஒரு காரணமும் இருக்கவில்லை. ஒவ்வொரு ஜூன் மாதமும் நோவா ராக் இசைவிழாவுக்குப் பல்லாயிரம் இளைஞர்கள் வந்து வயலில் கூடாரம் அடித்து மூன்று நாலு நாள் கத்திவிட்டுப் போவார்கள். மற்றபடி ஊர் ஊராகத்தான் இருந்தது.

2015ஆம் ஆண்டுக் கோடையில் வியன்னாவுக்குத் தெற்கே ட்ரைஸ்கிர்ஹன் அகதி முகாம் நிரம்பி வழிந்தது. 1956இல் ஹங்கேரியர்களுக்காகத் திறந்த பழைய பீரங்கிப்படைப் பயிற்சிப் பள்ளி அது. நானும் அதன் வாசல் வழியாகத்தான் இந்த நாட்டுக்குள் வந்தவன். ஏஜென்ட் ஜேர்மனி என்று சொல்லி வான் வண்டியில் ஏற்றியிருந்தான். விடிய இறங்கியபோது வீதிப் பெயர்ப்பலகை ஜெர்மன் மொழியில்தான் இருந்தது. ஆனால் கடைக்காரர் என் கையிலிருந்த ஜேர்மன் மார்க்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இது வேறு நாடு என்றார். அந்தக் கதையை இத்தோடு விடுகிறேன்.

ஆகஸ்ட் 27ஆம் தேதி பார்ன்டோர்ஃப் அருகே ஏ4 நெடுஞ்சாலையோரத்தில், பழுதான வாகனம் ஒதுங்கும் இடத்தில், ஒரு குளிரூட்டி லொறி கிடந்தது. கோழி இறைச்சிக் கம்பனியின் விளம்பரம் வரைந்த லொறி. உள்ளே 71 பேர்: 59 ஆண்கள், 8 பெண்கள், 4 சிறுவர்கள். சிரியா, ஈராக், ஆப்கானிஸ்தான், ஈரான் நாட்டவர்கள். காற்றுப் புகாத பெட்டிக்குள் மூச்சடைத்து ஹங்கேரியிலேயே இறந்துபோயிருந்தார்கள். அன்று காலை அந்த வழியால் பஸ் ஓட்டிப் போனவன் நான். நூற்றுக்கணக்கான லொறிகளில் அதுவும் ஒன்று. திரும்பி வரும்போது பொலிஸ் ஒரு தடத்தை மறித்திருந்தது. லொறியை எங்கள் ஊருக்குத்தான் இழுத்து வந்தார்கள். எல்லை எல்லையாக இருந்த காலத்தில் ஆடுமாடுகளைச் சோதித்த மிருக வைத்திய மண்டபம் அங்கே இருந்தது. அதற்குள் குளிரறையும் இருந்தது. உடல்களை அங்கே வைத்துத்தான் இறக்கினார்கள். ஊரில் அன்று மாலை யாரும் அதைப் பற்றிக் கதைக்கவில்லை. கதைக்காததே பெரிய சத்தமாக இருந்தது.

அடுத்து வந்தது எல்லாருக்கும் தெரிந்த செய்தி. புடாபெஸ்டின் கெலெட்டி ரயில் நிலையத்தில் நாட்கணக்காக மறித்து வைக்கப்பட்டிருந்த ஆயிரக்கணக்கான அகதிகள் செப்டம்பர் 4ஆம் தேதி நெடுஞ்சாலையில் இறங்கி மேற்கு நோக்கி நடக்கத் தொடங்கினார்கள். இரவு ஹங்கேரி அரசு பஸ்களை அனுப்பியது. நள்ளிரவுக்குப் பின் வியன்னாவும் பெர்லினும் வரட்டும் என்றன. ஐந்தாம் தேதி விடிவதற்குள் முதல் பஸ்கள் எல்லைக்கு வந்துவிட்டன. அந்த பஸ்கள் கோட்டைத் தாண்டவில்லை. சனத்தை இறக்கிவிட்டுத் திரும்பின. மழை. அந்த மழையில் குழந்தைகளைப் போர்வையால் மூடிக்கொண்டு நடந்து வந்தார்கள். அன்று மட்டும் ஆறாயிரத்துக்கும் மேல்.

எனக்கு விடுமுறை நாள். காலை ஆறு மணிக்குக் கம்பனியிலிருந்து அழைப்பு: பஸ்ஸை எடுத்துக்கொண்டு எல்லைக்குப் போ, வியன்னா மேற்கு ரயில் நிலையத்துக்கு ஆட்களைக் கொண்டுபோ.

பழைய சுங்கக் கூரையின் கீழ் பஸ்ஸைப் பின்னால் எடுத்து நிறுத்திக் கதவைத் திறந்தேன். முன்னால் இருநூறு பேராவது இருப்பார்கள். யாரும் ஏறவில்லை.

எனக்கு முதலில் விளங்கவில்லை. மழையில் நனைந்து நிற்கிறார்கள், பஸ் சூடாக இருக்கிறது, இலவசம், ஏன் ஏறவில்லை? ஓர் ஆள், நாற்பது வயது இருக்கும், தோளில் பெண் குழந்தை, வாசல் படிவரை வந்து ஆங்கிலத்தில் கேட்டார்: "கேம்ப்?" நான் "வியன்னா" என்றேன். அவர் தலையை ஆட்டி மறுபடியும் "கேம்ப்?" என்றார்.

இரண்டு நாளுக்கு முன்னர், செப்டம்பர் 3ஆம் தேதி, கெலெட்டி நிலையத்தில் ஒரு ரயில் புறப்பட்டது. எல்லை வரை போகும் என்று நம்பிச் சனம் முண்டியடித்து ஏறியது. கொஞ்சத் தூரத்தில் பிச்கே என்ற ஊரில் ரயிலை நிறுத்தினார்கள். மேடை நிறையப் பொலிஸ், பக்கத்திலேயே முகாம். தண்டவாளத்தில் படுத்து மாட்டோம் என்று அழுதவர்களின் படங்கள் உலகம் முழுக்கப் போயின. அந்த ரயிலை இழுத்த இயந்திரத்தில் 1989இல் எல்லை திறந்ததன் 25ஆவது ஆண்டு நினைவு ஓவியம் தீட்டியிருந்தது என்பது இன்னொரு கொடுமை. ஆக, அரசாங்கம் அனுப்புகிற வாகனம் சொன்ன இடத்துக்குப் போகாது என்பதைப் பார்த்துப் படித்துவிட்டு வந்தவர்கள் இவர்கள். நான் ஒரு சீருடைக்காரன். என் பஸ் ஒரு பெட்டி.

பஸ் நெற்றியில் போகுமிடம் காட்டும் மின்பலகை இருக்கிறது. அதில் எங்கள் வழக்கமான தரிப்பிடங்கள்தான் பதிந்திருந்தன. வியன்னா மேற்கு நிலையம் இல்லை. விசேட ஓட்டம் என்று பொருள்படும் ஜெர்மன் சொல் மட்டும் மஞ்சளாக மின்னியது. அதை அணைத்தேன். செஞ்சிலுவைக்காரர் வாழைப்பழம் கொண்டுவந்த அட்டைப்பெட்டி ஒன்றைக் கிழித்து, தடித்த பேனாவால் ஆங்கிலத்தில் வியன்னா என்று எழுதி முன் கண்ணாடியில் செருகினேன். கீழே ஒரு ரயில் படம் வரைந்தேன். சின்னப்பிள்ளை வரைந்தது போல்தான் இருந்தது. அந்த ஆள் ரயிலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், குழந்தையைப் படியில் இறக்கிவிட்டார். அதற்குப் பிறகு பஸ் ஐந்து நிமிடத்தில் நிறைந்தது.

அன்று மாலை மேற்கு நிலையத்தில் வியன்னா நகரத்துச் சனம் கை தட்டி வரவேற்றதை எல்லாத் தொலைக்காட்சியிலும் காட்டினார்கள். எனக்கு அந்தக் கைதட்டலில் ஒரு குறையும் இல்லை. ஆனால் என் பயணிகள் கைதட்டியவர்களைப் பார்க்கவில்லை. நிலையத்தின் பெயர்ப்பலகையைத்தான் தேடினார்கள். அதைப் படித்தபிறகுதான் சிரித்தார்கள்.

செப்டம்பர் முழுக்கவும் அக்டோபர் பாதி வரையும் இதே வேலை. அந்தக் கிழமைகளில் எங்கள் ஊர் வழியாக வந்தவர்கள் சுமார் மூன்று லட்சம் பேர். 1,700 பேர் ஊருக்கு மூன்று லட்சம். ஊர் அதை எப்படித் தாங்கியது என்று வெளியூர்க்காரர்கள் இன்றும் கேட்பார்கள். என் கணிப்பு, நோவா ராக் கைகொடுத்தது. நகரும் கழிப்பறையை எங்கே வைத்தால் நாறாது, வேலியை எப்படித் திருப்பினால் கூட்டம் நெரியாது, எத்தனை பேருக்கு எவ்வளவு தண்ணீர் என்பதெல்லாம் தீயணைப்புப் பெடியன்களுக்குக் கைப்பழக்கம். விழா மண்டபமே இரவில் தங்கும் இடமானது. கருணை என்று பத்திரிகைகள் எழுதியதில் பாதி, வேலை தெரிந்தவர்கள் வேலை செய்தது.

மூட்டை மூட்டையாக உடுப்பு வந்தது. சப்பாத்துதான் பெரும் பிரச்சினை. ஆஸ்திரிய ஆம்பிளைகள் கொடுத்தது 44, 45, 46. நடந்து வந்தவர்களின் கால் பெரும்பாலும் 40, 41. மலை போலக் குவிந்த சப்பாத்துகளுக்கு முன்னால் ஒருத்தன் கிழிந்த ரப்பர் செருப்போடு நிற்பான். ஓமா இறந்துபோன கணவரின் சப்பாத்துகளைக் கொண்டுவந்தார். அந்த மனிதர் கட்டை, கால் 41. ஒரு நிமிடத்தில் எல்லாம் போய்விட்டது. "உயிரோட இருக்கும்போது அவர் கால் சின்னது என்று எல்லாரும் பகிடி பண்ணினீர்கள்" என்று தீயணைப்புப் படைத் தலைவரிடம் சொல்லிவிட்டுப் போனார்.

நல்லது மட்டும் நடந்தது என்று நான் சொல்லமாட்டேன். வியன்னாவுக்கு நூற்றுக்கணக்கான யூரோ கேட்ட டாக்ஸிகள் கூரைக்கு வெளியே வரிசையில் நின்றன. குழந்தையின் முகத்துக்கு நேரே கமராவை நீட்டிவிட்டு அடுத்த காருக்கு ஓடியவர்களையும் பார்த்தேன். ஹெலிகொப்டர் சத்தத்தில் ஊர்க் குழந்தைகள் நித்திரை இல்லாமல் அழுதன. வயல்களில் ஈரப் போர்வையும் போத்தலும் புதைந்து கிடந்தன. அறுவடை இயந்திரத்தில் துணி சுற்றிக்கொண்டால் யார் பொறுப்பு என்று கேட்ட விவசாயியிடம் எனக்குப் பதில் இருக்கவில்லை. அவர் முதல் இரவு தன் ட்ராக்டரில் தண்ணீர் ஏற்றி வந்தவர்.

செப்டம்பர் 10ஆம் தேதி, கூட்டம் தாங்காமல் ஹங்கேரிக்கான ரயில்களை ஆஸ்திரியா நிறுத்தியது. காத்திருக்க முடியாதவர்கள் ஏ4இல் இறங்கி வியன்னாவை நோக்கி நடந்தார்கள். அடுத்த நாள் நெடுஞ்சாலையை மூடவேண்டி வந்தது. 13ஆம் தேதி ஜேர்மனி தன் எல்லையில் சோதனையைத் தொடங்கியது. அதுவரை வேலை சுலபம்: மேற்கு நிலையம், அங்கிருந்து ரயில். இனி ஜேர்மனி விடுகிற அளவுக்குத்தான் ஆட்களை அனுப்பலாம். மிச்சப் பேரை நாடு முழுக்க மண்டபங்களில், விளையாட்டரங்குகளில் தங்கவைக்க வேண்டும். எந்த ஊர் என்று பஸ் புறப்படும் நேரத்தில்தான் பொலிஸ்காரர் துண்டுக் காகிதம் தருவார். லின்ஸ், கிராஸ், சால்ஸ்பூர்க். என் பயணிகளுக்கு வியன்னா தெரியும், மியூனிக் தெரியும். லின்ஸை யாருக்குத் தெரியும்? "லின்ஸ் ஜேர்மனியா?" என்று கேட்பார்கள்.

அப்போதுதான் எனக்கென்று ஒரு முறை வைத்துக்கொண்டேன். எஞ்சினைத் தொடங்குமுன் எழுந்து நின்று மூன்று விசயம் சொல்வேன்: எங்கே போகிறோம், எவ்வளவு நேரம், எங்கே நிறுத்துவேன். ஆங்கிலம் தெரிந்த ஒருவர் அரபியில் சொல்வார். அரபியும் பாரசீகமும் தெரிந்த இன்னொருவர் ஆப்கான்காரருக்குச் சொல்வார். ஒருமுறை இந்த வேலையை ஒரு பன்னிரண்டு வயதுப் பெண்பிள்ளை செய்தாள். டமாஸ்கஸ்காரி. நான் ஒரு வசனம் சொல்ல அவள் நாலு வசனம் சொன்னாள். என்ன கூடுதலாகச் சொன்னாய் என்று கேட்டேன். "சீட் பெல்ட் போடச் சொன்னேன். குப்பை போடாதீர்கள் என்றும் சொன்னேன். நீங்கள் சொல்ல மறந்துவிட்டீர்கள்."

தூரப் பயணத்துக்கான பெரிய பஸ்ஸில் யன்னல் திறக்காது. அது எனக்குப் பழகிப்போன விசயம். அவர்களுக்கு இல்லை. ஒரு தாய் யன்னல் ஓரங்களை விரலால் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். பிடி எங்கே என்று தேடினார் போலிருக்கிறது. லொறிச் செய்தி அவர்களுடைய தொலைபேசிக்கும் வந்திருந்தது. அன்றிலிருந்து மழை பெய்தாலும் கூரையிலிருக்கும் இரண்டு மூடிகளையும் திறந்து வைத்துக்கொண்டுதான் புறப்படுவேன். இருக்கை நனையும். நனையட்டும். பார்ன்டோர்ஃபில் அந்த இடத்தைத் தாண்டும்போது வேலியோரத்தில் மெழுகுதிரிகளும் பூக்களும் இருக்கும். கடை விளக்குகள் பளபளக்கிற பெரிய அவுட்லெட் சந்தையும் அதே பார்ன்டோர்ஃபில்தான். பயணிகள் கடைகளைப் பார்த்து வியந்துகொண்டு போவார்கள். எல்லாவற்றையும் முன்கூட்டியே சொல்கிற நான் அந்த ஒரு இடத்தை மட்டும் அறிவித்ததில்லை. இன்றைக்குக் கேட்டாலும் அறிவிக்கமாட்டேன்.

சாரதிக்குப் பின்னால் முதல் இருக்கையில் எப்போதும் ஓர் இளந்தாரி தொலைபேசியில் வரைபடத்தைத் திறந்துவைத்தபடி இருப்பான். நீலப் புள்ளி நகரும். வீதிப் பலகையையும் புள்ளியையும் மாறி மாறிப் பார்ப்பான். புள்ளி மேற்கே போகும்வரை பஸ் அமைதி. ஒரு வளைவில் புள்ளி தெற்கே திரும்பினால் போதும், முணுமுணுப்பு பின் இருக்கை வரை போய்விடும்.

சால்ஸ்பூர்க் போன ஓர் இரவு. ஐரோப்பியச் சட்டப்படி நாலரை மணி நேரம் ஓட்டினால் நாற்பத்தைந்து நிமிடம் நிறுத்தியே ஆகவேண்டும். ஒரு நாளைக்கு ஒன்பது மணி நேரம்தான் கணக்கு. சாரதி அட்டையைச் செருகினால் டாக்கோகிராஃப் கருவி ஒவ்வொரு நிமிடத்தையும் எழுதிக்கொள்ளும். வியன்னா நெரிசலில் நேரம் போய்விட்டதால், போய்ச் சேருமுன்னரே நிறுத்தவேண்டி வந்தது. நெடுஞ்சாலையோர ஓய்விடத்துக்குத் திரும்பினேன். சொல்லிவிட்டுத்தான் திரும்பினேன், ஆனால் பாதிப் பேர் நித்திரை. விழித்தவர்கள் பார்த்தது இருட்டான வாகனத் தரிப்பிடம், எஞ்சின் அணைந்த பஸ், தேநீர் குடிக்க வந்து ஒதுங்கி நின்ற ஒரு பொலிஸ் கார். பிச்கே! அந்தச் சொல் பஸ்ஸுக்குள் எழுந்ததை என் காதால் கேட்டேன். ஒரு பெண் குழந்தையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடுக் கதவைக் காலால் உதைத்தார். முன்னிருக்கைப் பெடியன் என் தோளைப் பிடித்து, "ஏன்? ஏன்? ஏன்?" என்று கேட்டான்.

சட்டம் என்று சொன்னால் யார் நம்புவார்கள்? சட்டம் என்றுதான் அவர்களை எல்லா இடத்திலும் நிறுத்தினார்கள். முதலில் எல்லாக் கதவுகளையும் திறந்துவிட்டேன். குளிர் உள்ளே வந்தது. பிறகு டாக்கோகிராஃபில் அச்சுப் பொத்தானை அமுக்கினேன். கடைப் பற்றுச்சீட்டு போல ஒரு நாடா கிர்ரென்று வெளியே வந்தது. அதில் எழுத்தை விடப் படங்கள் கூட: ஓட்டிய நேரத்துக்குப் பக்கத்தில் ஸ்டியரிங் வட்டம், மற்ற வேலைக்குக் குறுக்காக இரண்டு சுத்தியல், ஓய்வுக்கு ஒரு கட்டில். பெடியனிடம் கொடுத்து, ஸ்டியரிங்கில் விரலை வைத்தேன்: நாலு மணி, இருபத்தெட்டு நிமிடம். கட்டிலில் வைத்தேன்: பூச்சியம். என் நெஞ்சைத் தொட்டுக் காட்டி, தலையைச் சாய்த்துக் கையில் வைத்துக் கண்ணை மூடினேன். மணிக்கூட்டில் நாற்பத்தைந்து நிமிடம் தள்ளிக் காட்டினேன். அவன் நாடாவை வெளிச்சத்தில் பிடித்துக் கடைசி வரை படித்தான். பிறகு எழுந்து நின்று ஏதோ சொன்னான். பஸ் முழுக்கச் சிரித்தது. என்ன சொன்னாய் என்று கேட்டேன். "இந்த நாட்டில் சாரதியைத்தான் முதலில் சிறைப்பிடித்திருக்கிறார்கள் என்றேன்."

அந்த நாடா இருக்கையிலிருந்து இருக்கைக்குக் கைமாறிப் பின்னால் போனது. உதைத்த அம்மா மகளுக்குக் கட்டிலைக் காட்டினார். பொலிஸ்காரர் தேநீர்க் குவளையோடு வந்து எட்டிப்பார்த்து, எல்லாம் சரியா என்றார். சரி என்றேன்.

அதே ஓய்வில்தான் ஓர் ஆப்கான் பெடியன், பதினேழு இருக்கும், எந்த நாடு என்று கேட்டான். ஸ்ரீலங்கா என்றேன். "சங்கக்கார!" என்று கத்தினான். அந்த ஆகஸ்டில்தான் சங்கக்கார ஓய்வு பெற்றிருந்தார். பெப்ரவரியில் உலகக் கிண்ணப் போட்டியில், டனிடின் மைதானத்தில், ஆப்கானிஸ்தான் இலங்கையின் நாலு விக்கெட்டை 51 ஓட்டத்துக்குள் எடுத்துவிட்டது. ஜயவர்தன சதம் அடித்து மீட்டார். "அந்த ஆள் அவுட் ஆகியிருந்தால் உங்கள் கதை முடிந்தது" என்றான். நான் தமிழன், எனக்கும் அந்த அணிக்கும் இருக்கிற உறவு கொஞ்சம் சிக்கலானது என்றெல்லாம் அந்த இருட்டில் யாருக்குச் சொல்வது? எங்கள் கதை தப்பித்ததற்காக அவனிடம் நன்றி சொன்னேன்.

செப்டம்பர் 15ஆம் தேதி ஹங்கேரி செர்பிய எல்லையை வேலியால் மூடியது. சனம் குரோவேஷியா வழியாகச் சுற்றி வந்தது. ஹங்கேரி அவர்களை ரயிலில் ஏற்றி ஹெட்யெஷ்ஹலோமில் கொண்டுவந்து இறக்கியது. மிச்சத் தூரத்தை வீதியோரமாக நடந்து வந்தார்கள். அக்டோபர் 17ஆம் தேதி குரோவேஷிய எல்லையும் மூடப்பட்டது. எங்கள் ஊரில் வரிசை ஒரே நாளில் வற்றியது. கூட்டம் ஸ்லோவேனியா பக்கம் ஷ்பீல்ஃபெல்டுக்குத் திரும்பியது. பஸ்களும் அங்கே போயின. கூரையின் கீழ் ராணுவப் பெடியன்கள் கட்டில்களை மடித்து அடுக்கினார்கள். பீட்ரூட் அறுவடைக்குப் பிந்திவிட்டது என்று ட்ராக்டர்கள் இரவிலும் ஓடின.

அந்த ஆண்டு ஆஸ்திரியாவில் சுமார் 88,000 பேர் அகதி விண்ணப்பம் போட்டார்கள். எங்கள் ஊரைக் கடந்தவர்களில் பெரும்பான்மை ஜேர்மனிக்கோ அதற்கப்பாலோ போய்விட்டது. அடுத்த ஆண்டு ஜனாதிபதித் தேர்தலில் எல்லையை மூடு என்று பேசியவருக்குப் புர்கன்லாந்து பெரும்பான்மை வாக்குப் போட்டது. அவர் இந்த மாநிலத்துக்காரர். தேர்தலில் தோற்றார். தேநீர் ஊற்றிய கையே அப்படி வாக்குப் போட்டதா என்று வியன்னா நண்பர்கள் என்னிடம் அதிர்ச்சியோடு கேட்டார்கள். எனக்கு அதிர்ச்சி இல்லை. முதல் இரவு தண்ணீர் ஏற்றி வந்த விவசாயி யாருக்குப் போட்டார் என்று எனக்குத் தெரியும், அவரே சொன்னார். தண்ணீர் கொண்டுவந்ததற்கு அவர் வருத்தப்படவும் இல்லை. அடுத்த முறை எப்போது, எத்தனை பேர் என்று ஒருத்தரும் தனக்குச் சொல்லவில்லை என்பதுதான் அவருடைய கோபம். வாக்கை நான் ஏற்கவில்லை. கோபம் எனக்கு விளங்கியது. பஸ்ஸை நிறுத்திவிட்டுக் காரணம் சொல்லாத சாரதியிடம் வருகிற கோபம்தான் அது.

2015 செப்டம்பரில் தற்காலிகம் என்று தொடங்கிய எல்லைச் சோதனையை ஆஸ்திரியா ஆறு மாதத்துக்கு ஒருமுறை நீட்டித்துக்கொண்டே வந்தது. கழற்றிய இடத்தில் மறுபடியும் கூம்புகள், கூடாரங்கள், பெடியன் வயதுச் சிப்பாய்கள். நான் இப்போது பெரும்பாலும் சுற்றுலாப் பயணிகளைத்தான் ஏற்றுகிறேன். காலையில் வியன்னா, மாலையில் புடாபெஸ்டிலிருந்து திரும்புவோம். எங்கள் ஊருக்கு ஐந்து கிலோமீட்டர் இருக்கும்போதே வரிசை தொடங்கும். எல்லை இல்லை என்றுதானே சொன்னார்கள், ஏன் நிற்கிறோம் என்று பின்னாலிருந்து யாராவது கேட்பார்கள். நான் மைக்கை எடுப்பேன். கடவுச்சீட்டைக் கையில் எடுத்து வையுங்கள், ஒரு சிப்பாய் ஏறிப் பார்ப்பார், இன்றைக்கு இருபது நிமிடம் ஆகும், கழிப்பறை இடது பக்கம், பஸ் உங்களை விட்டுப் போகாது.